நனையாத மூன்று பலகைகள்

எதிர்வீட்டு வெர்னா லோவல் வீட்டுச் சுவரைத் தட்டிக்கொண்டே போனாள். விரல் முட்டியால்தான். சுத்தியல் எடுத்துத் தரட்டுமா என்று லோவல் கேட்டதற்கு, சுத்தியலுக்குக் காது கிடையாது என்றாள்.

மேற்குச் சுவரில் எட்டு பிளைவுட் பலகைகள் நெட்டுக்குத்தாக, அடுத்தடுத்து நின்றன. நீலத்துக்கும் சாம்பலுக்கும் நடுவிலான நிறம். படகுக்கு அடிக்கிற பெயின்ட். கதவோரத்தில் முதல் பலகை, தெற்கு மூலையில் எட்டாவது. கடைசி மூன்றிலும் நிறம் கொஞ்சம் அழுத்தமாக இருந்தது. ஏழாவதில் படுக்கையறை ஜன்னல். அந்த ஜன்னலுக்குக் கீழே, உள்ளங்கை அகலத்துக்குப் பெயின்ட் உப்பியிருந்தது.

ஒவ்வொரு பலகைக்கும் நாலு தட்டு. ஆறு பலகை வரைக்கும் கெட்டியான சத்தம். ஏழாவதில், ஜன்னலுக்குக் கீழே, தொப்பென்று கேட்டது.

"இது செத்த சத்தம்," என்றாள் வெர்னா. சொன்னவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"பரவால்ல," என்றான் லோவல்.

"வாய் முந்திக்குது, கண்ணு."

"பரவால்ல வெர்னா. காபி குடிக்கிறீங்களா?"

"காபிய விடு. சனிக்கிழமைக்கு என்ன சொல்ற? எட்டு பேர் வர்றானுங்க. முழுச் சுவரையும் பிரிச்சு, சாயங்காலத்துக்குள்ள புதுசு அடிச்சுக் குடுத்துடுவானுங்க. அடுத்த வாரம் மழை வந்துரும். வந்துட்டா ஜூன் வரைக்கும் ஒரு ஆணி அடிக்க முடியாது."

"சுவர் நல்லாத்தான் இருக்கு."

"இதையா நல்லாருக்குங்கற?" அவள் உப்பலின்மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். விரல் அமுங்கியது. பெயின்ட் கிழியவில்லை.

அந்தச் சுவருக்குப் பெயின்ட் அடித்தது லோவலின் மனைவி ஐலா. ஏணியில் ஏறி, அப்பாவின் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு, இரண்டு வாரம். மே மாதம் அவளை அடக்கம் பண்ணினார்கள்.

கடலோரத்து ஹார்லன் முனையில் சாவு விழுந்த வீட்டுக்கு ஊரே சாப்பாடு கொண்டுவரும். லோவல் வீட்டுக்கும் மூன்று வாரம் வந்தது. அதற்குப் பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் ஊர் தவித்துக்கொண்டிருந்தது. இப்போது அதற்கு ஒரு சுவர் கிடைத்துவிட்டது.

"ஆர்வோகிட்ட கேட்டியா?"

"அவர்தானே குடுத்தார்."

"அதான் கேக்கச் சொல்றேன்."

அவன் கேட்டதில்லை. அந்த ஊரில் யாரும் கேட்கமாட்டார்கள். பிளைவுட் ஆலையில் வேலை செய்கிறவர்கள் வீட்டுக்கெல்லாம் ஆலைப் பலகைதான். ஓரம் உடைந்தது, கணு கழன்று ஓட்டை விழுந்தது என்று கழித்துப்போட்டவற்றை ஆட்கள் எடுத்துக்கொள்ளலாம். கழித்த பலகையின் முதுகில் முத்திரை குத்துவதில்லை. மழை தாங்குகிற வெளி ரகமா, தரைக்கும் அலமாரிக்கும் போடுகிற உள் ரகமா என்பதற்குக் கொடுத்தவனின் வாய்தான் சாட்சி. கொடுத்தவனே மர ஏடுகளை ஒட்டுகிற பசையைக் கலக்குகிறவன் என்றால், கேட்பது அவன் மூஞ்சியில் அடிப்பது மாதிரி. ஐலாவின் அப்பா ஆர்வோ பசை கலக்குகிறவர். இருபத்தாறு வருஷமாக.

"நான் கேட்டுக்கறேன்," என்று சொல்லிவிட்டு வெர்னா சாலையைத் தாண்டித் தன் வீட்டுக்குப் போனாள்.

*

மறுநாள் வியாழக்கிழமை. லோவல் உயர்நிலைப் பள்ளியில் வேதியியல் பாடம் முடித்து மூன்றரை மணிக்கு வீட்டுக்கு வந்தபோது, ஆர்வோவின் லாரி வாசலில் நின்றது. ஆர்வோ சுவருக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். கைகள் இரண்டும் பாக்கெட்டுக்குள். வெர்னா படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் துணியில் சுற்றிய ஏலக்காய் ரொட்டி.

"வாங்க வாத்தியாரே," என்றார் ஆர்வோ. கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான் கூப்பிடுவார்.

"எப்ப வந்தீங்க ஆர்வோ?"

"இப்பத்தான்."

"மத்தியானத்துலேருந்து நிக்கிறாரு," என்றாள் வெர்னா. "சுவரைப் பாத்துப் பிரார்த்தனை பண்ற மாதிரி இருந்துச்சு. நான் தொந்தரவு பண்ணல."

ஆர்வோ அவளைக் கண்டுகொள்ளவில்லை. "மொத்தத்தையும் எடுத்துடலாம்," என்றார் லோவலிடம். "எட்டையும். வெர்னா சொல்றதுதான் சரி."

"ஒண்ணுதானே உப்பியிருக்கு?"

"ஒண்ணு உப்பினா எல்லாம் உப்பும்."

"அப்படி இல்லையே. ரகம் தெரிஞ்சா போதும். வெளி ரகம்னா உப்புன எடத்த மட்டும் சரி பண்ணிக்கலாம்."

"பெயின்ட் அடிச்ச பலகைல ரகத்த எப்படிக் கண்டுபிடிப்ப? முதுகுல முத்திரை இல்ல. முன்னால மூணு கை பெயின்ட்."

"வெட்டிப் பாத்தா பசைக் கோடு தெரியும். கறுப்பா இருந்தா ரெசின், தண்ணிக்கு விடாத பசை."

வெர்னா சிரித்தாள். "காலேஜ்ல இதத்தான் சொல்லிக் குடுத்தாங்களா? ரத்தப் பசையும் கறுப்புத்தான்டா கண்ணு. மாட்டு ரத்தப் பொடி. காஞ்சா தார் மாதிரி இருக்கும். வெட்டிப் பாத்தெல்லாம் ஒண்ணும் தெரியாது. வேக வைக்கணும்."

"வேக வைக்கணுமா?"

"பரிசோதனை அறைல அதத்தான் பண்ணுவாங்க. நாலு மணி நேரம் கொதிக்கணும். அப்புறம் ராத்திரி முழுக்கக் காயவச்சு, மறுநாள் இன்னொரு நாலு மணி நேரம். வெளி ரகம்னா கல்லு மாதிரி கெடக்கும். உள் ரகம்னா ஏடு ஏடா பிரிஞ்சுரும். நான் அங்க ரெண்டு வருஷம் அடுப்பு பாத்துக்கிட்டேன். யோவ் ஆர்வோ, இவனுக்கு நீ சொல்லக் கூடாதா?"

"அதெல்லாம் எதுக்கு," என்றார் ஆர்வோ. "பிரிச்சுட்டா ஆச்சு."

"வேக வச்சுப் பாக்கலாம்," என்றான் லோவல்.

அவன் உள்ளே போய்த் துளையிடும் கருவியை எடுத்து வந்தான். அதில் வட்டமாக அறுக்கும் பல்லைப் பொருத்தினான். இரண்டு இடத்தில் அறுத்தான்: கதவோரம் இரண்டாவது பலகையில் ஒன்று, ஜன்னலுக்குக் கீழே ஏழாவதில் ஒன்று. காபிக் கோப்பையின் வாயளவு இரண்டு வில்லைகள். முகத்தில் நீலச் சாம்பல். விளிம்பில் ஐந்து மர ஏடுகள், நடுவே நாலு மெல்லிய கறுப்புக் கோடுகள். இரண்டும் ஒரே மாதிரிதான் இருந்தன. ஏழாவதில் எடுத்தது மட்டும் கொஞ்சம் ஈரமாக இருந்தது.

"எது எதுன்னு மறந்துரும்," என்றாள் வெர்னா. தையல் டப்பாவிலிருந்து சிவப்புக் கம்பளி நூல் எடுத்து, ஏழாவது பலகையின் வில்லையில் ஓட்டை போட்டுக் கட்டினாள். டப்பா ஐலாவுடையது. எங்கே இருக்கிறதென்று வெர்னாவுக்குத் தெரிந்திருந்தது.

சிப்பி அவிக்கிற பெரிய பாத்திரத்தில் தண்ணீரை நிரப்பி அடுப்பில் வைத்தார்கள். மிதக்காமல் இருக்க வில்லைகளின்மேல் ஒரு தட்டைக் கவிழ்த்து, தட்டின்மேல் ஒரு கல்லை வைத்தாள் வெர்னா. கொதி வந்தபோது மணி நாலே கால்.

*

லோவல் நின்றுகொண்டே சாப்பிடுகிற ஆளாகிவிட்டிருந்தான். வெர்னா நாற்காலியை இழுத்துக் காலால் ஒரு தட்டுத் தட்டினாள். உட்கார்ந்தான். ரொட்டி, வெண்ணெய், புகையில் வாட்டிய சால்மன் மீன். ஆர்வோ ரொட்டியைப் பிய்த்தார், சாப்பிடவில்லை.

"ஆலையில எப்படி ஓடுது?" என்று கேட்டான் லோவல்.

"ஓடுது."

"மூணாவது ஷிப்ட நிறுத்தப் போறதாப் பேச்சு," என்றாள் வெர்னா. "எனக்கென்ன, நான் ரிட்டயர். முப்பத்தொரு வருஷம் உலர்த்துற மிஷின் முன்னால நின்னேன். சூடா வர்ற ஏட்டை இழுத்து இழுத்து அடுக்கி, என் கைரேகையே போச்சு. பாரு." கையை நீட்டினாள். "நான் திருடினா போலீஸுக்கு ஒண்ணும் கிடைக்காது."

ஆர்வோ சிரிக்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்தார். எழுந்து போய்ப் பாத்திரத்தைப் பார்த்தார். திரும்பி வந்தார்.

"பிரசவ அறைக்கு வெளிய நிக்கிற மாதிரி நடக்காதய்யா," என்றாள் வெர்னா.

ஐந்தரை மணிக்கு வாசனை வந்தது. முதலில் ஈர மரம். அப்புறம் அதற்கடியில் வேறொன்று. வெந்த ஈரல் மாதிரி, கொஞ்சம் இரும்பு மாதிரி.

வெர்னா மூக்கை உயர்த்தினாள்.

ஆர்வோ எழுந்து கல்லை எடுத்தார், தட்டை எடுத்தார். நீளக் கரண்டியால் சிவப்பு நூலைப் பிடித்துத் தூக்கினார். நூலோடு வந்தது ஒரே ஒரு ஏடு. மற்ற நாலும் தண்ணீரிலேயே கிடந்தன, ஊறிய ரொட்டித் துண்டுகள் மாதிரி வளைந்து. தண்ணீர் பழுப்பாக இருந்தது.

"ஒன்னேகால் மணி நேரம்," என்றாள் வெர்னா மெல்ல.

ஆர்வோ மற்ற வில்லையை எடுத்தார். நகத்தால் விளிம்பைக் கீறினார். கத்தி முனையைச் செருகப் பார்த்தார். போகவில்லை. அதைத் திரும்பத் தண்ணீரில் போட்டார். நாற்காலியில் உட்கார்ந்தார்.

"மூணு பலகை," என்றார்.

கத்தியை மேசையில் வைத்தார்.

"கல்யாணத்துக்கு முந்தின குளிர்காலம். எட்டு பலகை சேக்கணும்னு இருந்தேன். அஞ்சு சேந்துருச்சு. அஞ்சும் வெளி ரகம், நானே கலந்த பசை. ஜனவரில வெள்ளம் வந்து தண்டவாளத்த அடிச்சுக்கிட்டுப் போச்சு, ஞாபகம் இருக்கா வெர்னா? ரெசின் டேங்கர் பத்து நாள் வரல. மேஸ்திரி, தரைப் பலகை செய்யலாம்னுட்டாரு. பத்து நாளும் ரத்தப் பொடிதான் கலந்தேன். அதுல மூணு பலகை நல்ல முகமா கழிவுக்கு வந்துச்சு. அவ்ளோ அழகான முகம் வெளி ரகத்துலகூட வராது. எடுத்துட்டேன்."

"தெரிஞ்சேவா?" என்றாள் வெர்னா.

"தெரிஞ்சுதான். அப்புறமா மாத்திடலாம்னு நெனச்சேன். அப்புறம்னு ஒண்ணு வரல. ஆறு வருஷமா மழை பேய்ஞ்சா எனக்குத் தூக்கம் கெடையாது."

"சொல்லியிருக்கலாமே," என்றான் லோவல். கோபம் வருகிறதா என்று உள்ளே பார்த்துக்கொண்டான். ஒன்றும் வரவில்லை. மே மாதத்திலிருந்து எதுவுமே வருவதில்லை.

"அவகிட்டச் சொன்னேன்," என்றார் ஆர்வோ. "பலகைய இறக்குன அன்னிக்கே. உன்கிட்டச் சொல்ல வெக்கமா இருந்துச்சு. படிச்சவன். ஐலாவத் தனியாக் கூப்புட்டு, இந்த மூணும் மழை தாங்காதுடி, மாத்தித் தர்ற வரைக்கும் அடிக்காதேன்னேன். சிரிச்சா. நனையாத எடத்துல வச்சுக்கறேன், நீங்க தூங்குங்கப்பான்னா. எங்க வச்சான்னு நான் கேக்கல. பெயின்ட் அடிச்சப்புறம் எனக்கே தெரியல. அதான் எட்டையும் பிரிச்சுடலாம்னேன்."

"மேற்குச் சுவர்ல நனையாத எடம் ஏது?" என்றாள் வெர்னா. "அலை தெறிக்கிற பக்கம்."

லோவல் எழுந்தான். வெளியே போனான். மற்ற இருவரும் பின்னாலேயே வந்தார்கள்.

விரிகுடாவின்மேல் வெளிச்சம் இன்னும் இருந்தது. காற்று தென்மேற்கிலிருந்து, ஈரமாக. அவன் சுவரை ஓரத்திலிருந்து ஓரம் வரை பார்த்தான். தினமும் பார்ப்பதுதான். கடைசி மூன்று பலகைகளில் நிறம் ஏன் வெளுக்கவில்லை என்று அவன் யோசித்ததே இல்லை.

"இங்க விறகுக் கொட்டகை இருந்துது," என்றான்.

"ஆமா," என்றாள் வெர்னா. "நாலு கம்பமும் தகரக் கூரையும். சுவரோட ஒட்டி."

"இந்த மூணும் அதுக்குள்ள."

ஆர்வோ தரையைப் பார்த்தார். கம்பங்கள் இருந்த நாலு இடத்திலும் புல் இன்னும் சரியாக முளைக்கவில்லை. "கொட்டகை எங்க போச்சு?"

"நான் பிரிச்சுட்டேன்."

பிப்ரவரி அது. ஐலாவை மருத்துவமனையிலிருந்து வீட்டுக்குக் கூட்டிவந்த வாரம். அவளால் படுக்கையை விட்டு எழ முடியாது. ஜன்னலைத் திறந்தால் விறகுதான் தெரியும். விறகும், தகரக் கூரையின் அடிப்பக்கமும். கொட்டகையைப் பிரித்துவிட்டால் விரிகுடா தெரியும் என்று அவன்தான் ஆரம்பித்தான்.

பிரிச்சா சுவர் நனையும் என்றாள் அவள்.

நனையட்டுமே, வெளி ரகம்தானே என்றான் அவன்.

அவள் ஜன்னலைப் பார்த்தாள். விறகைத்தான் பார்க்க முடிந்தது. அப்புறம், "சரி, பிரிச்சுடு," என்றாள்.

மூன்று மாதம் பார்த்தாள். இறால் படகுகள் போவதை எண்ணுவாள். ஓட்டுகிறவர் நிற்கும் கூண்டுக்குப் பச்சை அடித்திருந்த படகுக்கு ஒரு பேர்கூட வைத்திருந்தாள். அந்த மூன்று மாதமும் மழை பெய்தது.

இதையெல்லாம் லோவல் அவர்களிடம் சொன்னான். நாலைந்து வாக்கியத்தில் முடித்துக்கொண்டான். சொல்லும்போது குரல் வழக்கம்போலவே இருந்தது. முடித்தபிறகுதான், கையைச் சுவரில் ஊன்றி நிற்கிறோம் என்பதைக் கவனித்தான்.

"அவளுக்குத் தெரியும்," என்றார் ஆர்வோ.

"தெரியும்."

"உன்கிட்டச் சொல்லல."

"சொன்னா பிரிச்சிருக்க மாட்டேன்."

ஆர்வோ தொப்பியைக் கழற்றினார். திரும்பப் போட்டுக்கொண்டார். "என்னையும் காட்டிக் குடுக்கல," என்றார்.

"உன்னைக் காப்பாத்தறதா அவளுக்கு வேலை?" என்றாள் வெர்னா. "தண்ணியப் பாக்கணும்னு இருந்திருக்கு. பாத்துட்டா. உள்ள வாங்க ரெண்டு பேரும். அடுப்பு எரியுது. அந்த இன்னொரு துண்டு எட்டே கால் வரைக்கும் வேகணும். கணக்குக்குக் குறையக் கூடாது."

*

வெள்ளிக்கிழமை லோவல் பள்ளிக்குப் போகும்போது வெர்னாவிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனான். மாலை அவன் வந்தபோது ஆர்வோ சமையலறை மேசையருகே உட்கார்ந்திருந்தார். அவர் முன்னால் செய்தித்தாளின்மேல் அந்த வில்லை. அடுப்புச் சூட்டில் காய்ந்து, திரும்ப நாலு மணி நேரம் கொதித்து, பெயின்ட் எல்லாம் கழன்று, வெறும் மரமாக இருந்தது. ஐந்து ஏடுகளும் ஒன்றாக இருந்தன.

"உளியாலகூடப் பாத்தேன்," என்றார் ஆர்வோ. "மரம்தான் பிய்யுது. பசை விடல."

"அப்ப அஞ்சு இருக்கட்டும். மூணு எடுத்துடலாம்."

"எடுத்துடலாம்." லாரியைக் கைகாட்டினார். "மூணு கொண்டுவந்திருக்கேன். முத்திரை குத்துனது. திருப்பிப் பாத்துக்க."

லோவல் திருப்பிப் பார்க்கவில்லை. ஆர்வோ விடவில்லை. அவனைக் கூட்டிக்கொண்டுபோய், ஒவ்வொரு பலகையாகத் தூக்கி முதுகைக் காட்டினார். மூன்றிலும் நீல மையில் முத்திரை இருந்தது. மூன்றையும் அவன் வாய்விட்டுப் படிக்கிற வரைக்கும் நின்றார்.

பின்கொட்டிலில் அந்தப் படகுப் பெயின்ட் அரை டப்பா மிச்சம் இருந்தது. மேலே தோல் கட்டியிருந்தது. கத்தியால் தோலை வட்டமாக அறுத்து எடுத்தால், கீழே இளக்கமாக இருந்தது. பலகைகளைக் தாங்கு கட்டைகளின்மேல் படுக்கவைத்து, விளிம்புகளுக்கு அடித்தார்கள். மழை உள்ளே போவது விளிம்பு வழியாகத்தான். ஆர்வோ ஒரு பக்கம், லோவல் ஒரு பக்கம்.

சாலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வெர்னா கத்தினாள். "எத்தன கை?"

"மூணு," என்றான் லோவல்.

"பெயின்ட் பத்துமா?"

"விளிம்புக்குப் பத்தும்."

"முகத்துக்கு?"

"முகத்துக்கு வேற வாங்கணும்."

"அதே நிறம் கெடைக்காது, கண்ணு. அந்தக் கம்பெனி அத நிறுத்தி ரெண்டு வருஷம் ஆச்சு."

அவன் தூரிகையை டப்பாவின் விளிம்பில் வழித்தான். "கிட்டத்துல இருந்தா போதும்."

*

சனிக்கிழமை எட்டு பேர் என்றார்கள், பதினோரு பேர் வந்தார்கள். மூன்று பலகைக்குப் பதினோரு பேர். பாதிப் பேருக்கு வேலையில்லை. சுத்தியலைப் பிடித்துக்கொண்டு காபி குடித்தார்கள். மழை இன்னும் வரவில்லை, வானம் மட்டும் தாழ்ந்திருந்தது. அஞ்சு பலகை எப்படித் தப்பித்தது என்று ஒருவன் கேட்டான். ஆர்வோ அவனைத் தனியாகக் கூட்டிப்போய்ச் சொன்னார். பிறகு அடுத்தவனிடம் சொன்னார். பத்து மணிக்குள் பதினோரு பேரிடமும் தானே சொல்லி முடித்துவிட்டார். கேட்டவர்கள் தலையாட்டிவிட்டுக் காபிக்குத் திரும்பினார்கள். வயசான ஒருவர் மட்டும், "என் கோழிக் கூண்டுப் பலகையும் நீதானடா குடுத்த?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். ஆர்வோவும்.

எட்டாவது பலகை முழுசாக வந்தது. ஆறாவதும். ஏழாவது வரும்போது கீழ்ப்பாதி ஏடு ஏடாகக் கழன்று கையோடு வந்தது. ஜன்னல் சட்டத்தையும் கழற்றிக் கீழே சாய்த்து வைத்தார்கள். இப்போது அந்த இடத்தில் சுவரைத் தாங்கும் நெடுஞ்சட்டங்கள் மட்டும் நின்றன. சட்டங்களுக்கு இடையில் படுக்கையறை தெரிந்தது. கட்டில் தெரிந்தது. மேலே விரித்த போர்வை மே மாதத்திலிருந்து அப்படியே இருந்தது.

"அடிச்சுடலாமா?" என்றாள் வெர்னா. புதுப் பலகையை நாலு பேர் தூக்கி நிறுத்தியிருந்தார்கள்.

"கொஞ்சம் இருங்க," என்றான் லோவல்.

அவன் வீட்டைச் சுற்றிக்கொண்டு போகவில்லை. சட்டங்களுக்கு நடுவே உடம்பைக் குறுக்கி நுழைந்து உள்ளே போனான். கட்டிலில் அவள் படுக்கிற பக்கத்தில் உட்கார்ந்தான். அப்புறம் படுத்தான். பூட்ஸ் காலோடுதான்.

ஜன்னலளவு இல்லை. மூன்று பலகையளவுக்கு விரிகுடா இருந்தது. காற்று நேராக உள்ளே வந்து போர்வையின் நுனியைத் தூக்கியது. சேற்றின் வாசனை, உப்பின் வாசனை. முனைக்கு அப்பால் ஒரு படகு போய்க்கொண்டிருந்தது. பச்சைக் கூண்டு இல்லை. வேறு படகு. அது மறைகிற வரைக்கும் பார்த்தான்.

வெளியே பதினோரு பேரும் தண்ணீர்ப் பக்கம் திரும்பி நின்றார்கள். ஒருவரும் உள்ளே பார்க்கவில்லை. பலகையைப் பிடித்திருந்த நாலு பேரும் அதைக் கீழே வைக்கவில்லை. ஆர்வோ அதில் ஒருவர்.

அவன் எழுந்து உட்கார்ந்தான். முகத்தைச் சட்டைக் கையால் துடைத்தான். துடைத்தபிறகு, சட்டைக் கை எதனால் ஈரம் என்று பார்த்தான்.

"சரி," என்றான். "அடிங்க."